இலவசமாகச் சேர்த்த டிஎல்சி கேமுக்குள் வரவில்லை: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். நான் கணினியில் விளையாடும் ஒரு கேமுக்கான டிஎல்சியை (அதாவது, கேமோடு தனியாகச் சேர்க்கும் கூடுதல் உள்ளடக்கத்தை) ஓர் இணையக் கடை சில நாள்களுக்கு மட்டும் இலவசமாகத் தந்தது. காலக்கெடு முடிவதற்குள் அதை என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். தொகை பூஜ்யம் என்று காட்டும் ரசீதும் மின்னஞ்சலில் வந்தது. ஆனால் கேமைத் திறந்தால் அதில் வர வேண்டிய புதிய வரைபடமும் உடைகளும் இல்லை. கேமை நீக்கி மீண்டும் நிறுவியும் பயனில்லை. இதற்கிடையே, வார இறுதியில் இலவசமாகக் கிடைத்த வேறொரு கேம் லைப்ரரியில் தெரிந்தாலும், இப்போது விலை கொடுத்து வாங்கச் சொல்கிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதானா?

பதில் 1:
இல்லை, நண்பரே. இரண்டாவது கேம் ‘வார இறுதி இலவசம்’ என்ற வகையைச் சேர்ந்தது. ஸ்டீம் என்ற கணினி கேம் கடையிலும் இது வழக்கம்: குறித்த நேரம் முடிந்ததும் அனுமதி நீங்கிவிடும். நிரந்தரமாகத் தரப்படும் கேம் வேறு. அதைக் காலக்கெடுவுக்குள் கணக்கில் சேர்த்துவிட்டால், பின்னர் விலை ஏறினாலும் உங்களிடமே இருக்கும். சேர்க்கும்போதே பதிவிறக்க வேண்டிய அவசியமும் இல்லை.

டிஎல்சியைப் பொறுத்தவரை, கேமை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்பதைச் சொல்லுங்கள். ரசீது வந்திருப்பதால் டிஎல்சி கணக்கில் சேர்ந்துவிட்டது என்றே கொள்ளலாம். அந்தக் கணக்கு எந்த கேமுடன் இணைந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கேட்டவர்:
கேமை முன்பே ஸ்டீமில் வாங்கியிருந்தேன். டிஎல்சி இலவசமாகக் கிடைத்தது வேறொரு கடையில்.

பதில் 1:
காரணம் அதுதான். ஒரு கடையில் பெற்ற டிஎல்சி, பொதுவாக அதே கடையில், அதே கணக்கில் உள்ள அடிப்படை கேமுடன் மட்டுமே வேலை செய்யும். கேமின் பெயர் ஒன்றாக இருந்தாலும் உரிமம் கடைக்குக் கடை தனித்தனியானது என்பதால், எத்தனை முறை மீண்டும் நிறுவினாலும் அது வராது. வெளியீட்டாளரின் சொந்தக் கணக்கோடு கேமை இணைக்கும் வசதி இருந்தால், அந்தக் கணக்கில் பதிவாகும் உடை போன்ற பொருள்கள் சில கேம்களில் இரு பக்கமும் தெரியக்கூடும். வெளியீட்டாளரின் கணக்குப் பக்கத்தை ஒருமுறை பாருங்கள்.

இதற்காக அதே கேமை உடனே மறுபடியும் வாங்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். டிஎல்சி உங்கள் கணக்கிலேயே காத்திருக்கும். எடுத்துக்காட்டாக, எபிக் கேம்ஸ் ஸ்டோர் என்ற கடை 2018 டிசம்பரில் தொடங்கியது முதல் முழு கேம்களையே இலவசமாகத் தந்துவருகிறது. நீங்கள் டிஎல்சி பெற்ற கடையிலும் அடிப்படை கேம் ஒருநாள் அப்படிக் கிடைக்கலாம்.

பதில் 2:
கேமும் டிஎல்சியும் ஒரே கடையில் இருந்தும் வரவில்லை என்று இதைப் படிப்பவர்கள், ஸ்டீமில் கேமின் பெயரை வலது சொடுக்கி, பண்புகளில் டிஎல்சி பகுதிக்குச் சென்று, அது தேர்வு செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும். பிளேஸ்டேஷனில் கேமும் டிஎல்சியும் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். வேறு நாட்டில் வாங்கிய வட்டு என்றால் இதை முதலில் சந்தேகியுங்கள். பிளேஸ்டேஷன் பிளஸின் மாதாந்திர கேம்களோ சந்தா இருக்கும்வரை மட்டுமே திறக்கும்.

கேட்டவர்:
டிஎல்சியின் பக்கத்தை மீண்டும் பார்த்தேன். ‘அடிப்படை கேம் தேவை’ என்ற குறிப்பு அங்கேயே இருக்கிறது. வெளியீட்டாளர் கணக்கை இணைத்தபின் உடைகள் வந்துவிட்டன, வரைபடம் வரவில்லை. அதற்காகக் காத்திருக்கிறேன். இருவருக்கும் மிக்க நன்றி.