பாபநாசம் அருகிலிருந்தும் மாலையில் மின்னழுத்தம் குறைவது ஏன்?

கேள்வி: வாழைத்தோட்டக்காரர், அம்பாசமுத்திரம் வட்டம்

அனைவருக்கும் வணக்கம். விளக்கு வைக்கும் நேரம் வந்துவிட்டால் எங்கள் வீட்டில் மின்விசிறி தளர்ந்து சுற்றுகிறது; குளிர்பதனப் பெட்டி முனகுகிறதே தவிர ஓடுவதில்லை. இரவு பத்து மணிக்கு மேல் எல்லாம் தானாகச் சீராகிவிடுகிறது. 1944இலிருந்து மின்சாரம் தரும் பாபநாசம் நீர்மின் நிலையம் இவ்வளவு அருகில் இருக்க, எங்களுக்கு ஏன் இந்தக் குறை? ஸ்டெபிலைசர் வாங்கினால் தீருமா?

பதில்: ஓய்வுபெற்ற மின்பணியாளர், வீரவநல்லூர்

ஐயா, பாபநாசத்து மின்சாரம் நேராக உங்கள் ஊருக்கு இறங்கி வருவதில்லை. கூடங்குளத்தின் 1,000 மெகாவாட் அலகுகள், தூத்துக்குடி அனல்மின் நிலையம், முப்பந்தல், கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகள் எல்லாம் அதனுடன் ஒரே தொகுப்பில் சேர்கின்றன. கூடங்குளத்தில் 24 கிலோவோல்ட்டில் உற்பத்தியாகும் மின்சாரம் 400 கிலோவோல்ட்டுக்கு ஏற்றப்பட்டு வெளியேறி, துணைமின் நிலையங்களில் 230, 110 கிலோவோல்ட் என்று படிப்படியாக இறங்கி, ஊர்ப்புறங்களுக்கு 11 அல்லது 22 கிலோவோல்ட் பீடராக (ஊர்களுக்குப் பிரிந்து செல்லும் மின்பாதையாக) வந்து, தெருவில் நிற்கும் டிரான்ஸ்பார்மரில்தான் வீட்டுக்கான அழுத்தத்தை அடைகிறது.

அழுத்தம் உயர்ந்தால் அதே திறனைக் கொண்டுசெல்லக் குறைந்த மின்னோட்டம் போதும். 10 கிலோவாட்டை 230 வோல்ட்டில் அனுப்ப ஏறத்தாழ 43 ஆம்பியர் வேண்டும். 11,000 வோல்ட்டில் ஓர் ஆம்பியர்கூட வேண்டாம். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் சூடாக வீணாவது நான்கு மடங்காகும். மேலும், 11,000 வோல்ட்டில் 60 வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 230இல் அதே 60 குறைந்தால் குளிர்பதனப் பெட்டி நின்றுவிடும். ஆகவே எத்தனையோ கிலோமீட்டர் தாண்டி வரும்போது நேராத குறை, டிரான்ஸ்பார்மரிலிருந்து வீடு வரையுள்ள கடைசி அரைக் கிலோமீட்டரில் நேர்ந்துவிடுகிறது.

குறை தெரியும் நேரத்திலேயே, வயரிங் தெரிந்தவரைக் கொண்டு, உங்கள் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டருக்கு வரும் அழுத்தத்தை அளந்து பாருங்கள். டிரான்ஸ்பார்மரை ஒட்டிய வீடு ஒன்றிலும் அளந்து, இரண்டையும் இங்கே எழுதுங்கள்.

கேட்டவர்

அளந்துவிட்டோம் ஐயா. மெயினை அணைத்த பிறகும் எங்கள் மீட்டரில் 168 வோல்ட்தான். டிரான்ஸ்பார்மரை ஒட்டிய வீட்டில் 226. எங்கள் வீடு வரிசையின் கடைசியில் இருக்கிறது. தெருவில் மும்முனை இணைப்பு உள்ளவர்களில் பலர், பேஸ் எனப்படும் மூன்று மின்கம்பிகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சுவிட்ச் வைத்து, வெளிச்சம் நன்றாக உள்ள பேஸுக்கு மாற்றிக்கொள்கிறார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற மின்பணியாளர்

நீங்கள் கடைசியாகச் சொன்னதில்தான் விடை இருக்கிறது. உங்கள் சுமையே இல்லாதபோதும் 168 என்றால், குறை உங்கள் வீட்டு வயரிங்கில் இல்லை. நன்றாக உள்ள பேஸுக்கு எல்லோரும் தாவத் தாவ, அந்த பேஸும் சிறிது நேரத்தில் தாழ்ந்துவிடுகிறது. மூன்று பேஸ்களிலும் சுமை சமமாக இல்லாததால், மின்னோட்டம் திரும்பிச் செல்லும் பொதுக்கம்பியான நியூட்ரலிலும் மின்னோட்டம் ஏறி, அதிலும் அழுத்தம் இழக்கப்படுகிறது. இந்த வீழ்ச்சி முழுவதும் கடைசி வீட்டுக்காரர் தலையில் விழுகிறது. ஸ்டெபிலைசர் உங்கள் பெட்டியைக் காப்பாற்றும் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே வரும் அழுத்தம் குறையக் குறைய அது கூடுதல் மின்னோட்டத்தை இழுப்பதால், தெருவே ஸ்டெபிலைசர் வாங்கினால் கம்பி இன்னும் தாழும்.

தெருவினர் சேர்ந்து, நேரத்தையும் அளவுகளையும் குறித்து, பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். ஒருமுனை இணைப்புகளை மூன்று பேஸ்களுக்கும் பிரித்துக் கட்ட வேண்டும் என்றும், அது போதாவிட்டால் வரிசையின் கடைசிப் பக்கம் 25 அல்லது 63 கேவிஏ டிரான்ஸ்பார்மர் ஒன்று அமைக்க வேண்டும் என்றும் கேளுங்கள். அதுவரை, மின்னழுத்தம் குறைந்த நேரத்தில் குளிர்பதனப் பெட்டியை அணைத்து வையுங்கள். ஓட முடியாமல் முனகும் மோட்டார் அதிக மின்னோட்டம் இழுத்துச் சுருள் கருகிவிடும்.

பதில்: மாவு மில் நடத்துபவர், களக்காடு

எங்கள் தெருவில் இதே குறை இருந்தது. பேஸ்களைப் பிரித்துக் கட்டிய பிறகே தீர்ந்தது. மோட்டார் வைத்திருப்போர் சரியான கெப்பாசிட்டர் பொருத்தினாலும் கம்பியின் சுமை குறையும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சில விளக்குகள் மங்கும்போது வேறு சில விளக்குகள் அளவுக்கு மீறிப் பிரகாசித்தால், அது நியூட்ரல் கழன்றதன் அடையாளமாக இருக்கலாம். அப்போது மனு எழுதிக்கொண்டிருக்காமல் உடனே மெயினை அணைத்துவிட்டு, லைன்மேனுக்குத் தகவல் சொல்லுங்கள்.