கேம்பர்வேன், நாலு சைக்கிள், கூடவே அம்மா: ஆகஸ்டில் எங்கே போகலாம்?

லெஸ்டர்வாசி:

எல்லோருக்கும் வணக்கம். ஆகஸ்டில் இரண்டு வாரம் லீவு போட்டாச்சு, வாடகைக்கு வேனும் சொல்லியாச்சு, எங்கே போவது என்பது மட்டும் முடிவாகவில்லை. வீட்டில் தினமும் ராத்திரிச் சாப்பாட்டோடு இதே பஞ்சாயத்துதான். நாங்கள் ஐந்து பேர்: நான், மனைவி, பதினொரு வயது மகன், ஏழு வயது மகள், அப்புறம் தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் அம்மா. அம்மாவுக்கு ஷெங்கன் விசா ஊரிலேயே எடுத்துவிட்டோம், அந்தக் கவலை இல்லை.

போன வருடம் ஸ்காட்லாந்து. இடம் அழகுதான், குறை சொல்ல முடியாது, ஆனால் ஒற்றைத் தடச் சாலையில் எதிரே லாரி வந்தால் எங்கே ஒதுங்குவது என்ற பயத்திலேயே சைக்கிளைக் கீழே இறக்கவில்லை. பதினோரு நாளில் மொத்தம் மூன்று தடவை. மற்ற நாளெல்லாம் நாலு சைக்கிளையும் வேனுக்குப் பின்னால் கட்டி ஊர்வலம் விட்டதுதான் மிச்சம்.

இந்தத் தடவை கார் வராத பாதை வேண்டும், மேடு அதிகம் கூடாது (மனைவிக்கு முழங்கால் வலி, அவரும் நானும் இ-பைக்தான் ஓட்டுகிறோம்), தினமும் மூட்டை கட்டி இடம் மாறக் கூடாது. அம்மாவுக்கு சைக்கிள் தெரியாது, அவரை வேனில் தனியாக உட்காரவைத்துவிட்டு நாங்கள் சுற்றவும் மனசு வராது. மனைவி பிரான்ஸில் இல் து ரே தீவு என்கிறார், நான் ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரை என்கிறேன். இரண்டுக்கும் போனவர்கள் யாராவது உண்டா?

சைக்கிள்சித்தப்பா:

தம்பி, உங்கள் கேள்வியில் முக்கியமான வரியே அம்மாவைப் பற்றிய வரிதான். நல்ல சைக்கிள் பாதை ஐரோப்பாவில் எத்தனையோ இடத்தில் இருக்கிறது. ஓட்டத் தெரியாதவரும், பாதி வழியில் "கால் வலிக்குது" என்று உட்கார்ந்துவிடும் ஏழு வயதுக்காரியும் ரயிலிலோ படகிலோ வந்து சேரக்கூடிய பாதைகள்தான் குறைச்சல். நான் கொலோன் பக்கம் இருக்கிறேன், மோசலுக்கு வேனோடு ஏழெட்டுத் தடவையாவது போயிருப்பேன், என் ஓட்டு அதற்குத்தான்.

பெர்ன்காஸ்டல்-கூஸ் பக்கத்தில் ஒரு கேம்ப்சைட் பிடித்து வேனை ஒரே இடத்தில் போட்டுவிடுங்கள். அங்கிருந்து கீழே ட்ராபன்-ட்ரார்பாக் வரை ஆற்றை ஒட்டியே இருபத்துமூன்று, இருபத்துநாலு கிலோமீட்டர், கிட்டத்தட்ட சமதளம். கோடையில் இரண்டு ஊருக்கும் நடுவே படகு ஓடும், சைக்கிளையும் ஏற்றிக்கொள்வார்கள். அம்மா படகில், நீங்கள் கரையில். நடுவே செல்ட்டிங்கன் என்ற இடத்தில் ஒரு லாக் (ஆற்று மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டி) இருக்கிறது. படகு உள்ளே போனதும் பின்னால் கதவை அடைத்துத் தண்ணீரை வடிப்பார்கள், ஈரச் சுவர் இரண்டு பக்கமும் உயர்ந்துகொண்டே போகும், கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரி இருக்கும். என் மாமியார் முதல் தடவை அங்கே படகின் கம்பியை விடவே இல்லை, அடுத்த வருடம் "அந்தக் கிணத்துப் படகுக்குப் போவோமா" என்று அவரே கேட்டார். திரும்பும்போது எல்லோரும் படகிலேயே வந்துவிடலாம்.

இன்னொன்று, பிள்ளைகளுக்காக. மாரே-மோசல் என்று ஒரு பாதை, பழைய ரயில் தண்டவாளத்தை எடுத்துவிட்டுப் போட்டது, ஐஃபல் மலையில் டவுன் என்ற ஊரில் தொடங்கி (ஊர் பேரே டவுன்தான், நான் கிண்டல் பண்ணவில்லை) பெர்ன்காஸ்டல் வரை 58 கிலோமீட்டர். ரயில் ஏறிய வழி என்பதால் சரிவு ரொம்ப மெல்லியது. முதலில் கொஞ்ச தூரம் மட்டும் ஏற்றம், அப்புறம் பெரும்பாலும் இறக்கம்தான். வழியில் பாலங்கள், சுரங்கப்பாதைகள், ஒரு சுரங்கம் அரை கிலோமீட்டருக்கும் மேல். உள்ளே நுழைந்ததும் ஆகஸ்ட் வெயில் போய் குளிர் பிடிக்கும், பிள்ளைகள் கத்திப் பார்க்காமல் விடமாட்டார்கள். மேலே போக 300-ஆம் எண் பஸ், சைக்கிளை அதோடேயே கொண்டுபோகலாம். முன்பதிவு செய்யாமல் போய் நிற்காதீர்கள், கோடையில் இடம் கிடைப்பது கஷ்டம். 58 கிலோமீட்டர் உங்கள் மகளுக்கு அதிகம் என்று பட்டால் விட்லிஷில் நிறுத்திக்கொள்ளலாம், அதே பஸ் அந்த ஊர் வழியாகத்தான் போகிறது.

குறையும் சொல்கிறேன். கோகெம் பக்கம் பாதை பல இடங்களில் நெடுஞ்சாலையை ஒட்டியே ஓடும், தடுப்பு இருந்தாலும் இரைச்சல் தாங்காது, அதனால்தான் நடுப்பகுதியைச் சொல்கிறேன். கோப்லென்ஸிலிருந்து புல்லாய் வரை ரயில் உண்டு, புல்லாயிலிருந்து ட்ராபன்-ட்ரார்பாக்குக்கு ஒரு கிளைப்பாதை உண்டு, அதற்கு மேல் பெர்ன்காஸ்டல் பக்கம் ரயில் கிடையாது. இந்தப் பக்கத்து லோக்கல் ரயில்களில் வார நாளில் காலை ஒன்பது மணிக்கு மேலும், சனி ஞாயிறு நாள் முழுக்கவும் சைக்கிளுக்கு டிக்கெட் வேண்டாம். இடம் இருந்தால் ஏற்றிக்கொள்வார்கள்.

உப்புக்காற்று:

சித்தப்பா சொன்னதெல்லாம் சரி, ஆனால் தீவுக்காக ஒருவராவது பேச வேண்டாமா? நான் தூத்துக்குடிக்காரி, இப்போது நாந்தில் இருக்கிறேன். இல் து ரேக்கு முதல் தடவை போனபோது உப்பளத்துக்கு நடுவே சைக்கிள் பாதை போவதைப் பார்த்து, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். நம்ம ஊர் மாதிரி மலை மலையாகக் குவித்திருக்க மாட்டார்கள், எல்லாம் சின்னச் சின்னப் பாத்தி. ஒருவர் நீளக் கழியில் பலகை கட்டித் தண்ணீரின் மேல் படிகிற மெல்லிய உப்பை மட்டும் ஆடை எடுக்கிற மாதிரி வழித்துக்கொண்டிருந்தார். அதே வேலைதான், அதே கூன் முதுகுதான், விலை மட்டும் நூறு கிராம் டப்பாவில் வேறு.

தீவு முழுக்க நூறு கிலோமீட்டருக்கு மேல் சைக்கிள் பாதை, மிக உயரமான இடமே இருபது மீட்டரை ஒட்டித்தான். உங்கள் மனைவியின் முழங்காலுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. மேற்கு முனையில் ஒரு கலங்கரை விளக்கம், 257 படி. செயின்ட் மார்ட்டினில் கழுதைகளுக்குக் கட்டம் போட்ட பேண்ட் மாட்டி நிறுத்தியிருப்பார்கள், அந்தக் காலத்தில் உப்பளத்துக் கொசுக்கடிக்காகப் போட்டதாம், உங்கள் மகள் அங்கிருந்து நகரமாட்டாள்.

ஆனால் அண்ணா, ஆகஸ்ட் என்கிறீர்களே. ஜூனிலோ செப்டம்பரிலோ என்றால் கண்ணை மூடிக்கொண்டு போங்கள் என்பேன். ஆகஸ்டில் பிரான்ஸே அங்கேதான் இருக்கும். பாலத்துக்குக் கோடைக் கட்டணம் குளிர்காலத்தைப் போல இரண்டு மடங்கு, ராத்திரி வேனைக் கண்ட இடத்தில் போட முடியாது, கேம்ப்சைட்டுகளோ மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். எதிர்க்கரையில் லா ரோஷெல் பக்கம் வேனைப் போட்டுவிட்டுப் பாலத்தைச் சைக்கிளில் கடப்பவர்களும் உண்டு, சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. நான் அப்படிப் போயிருக்கிறேன். பாலம் மூன்று கிலோமீட்டர், நடுவில் முதுகு மாதிரி மேடேறும், எதிர்க்காற்று அடித்தால் நிற்கிற இடத்திலேயே மிதிப்பது போல இருக்கும். ஏழு வயதுப் பிள்ளையோடு வேண்டாம். அம்மாவுக்குத் தீவுக்குள் பஸ் உண்டு, ஆனால் அதுவும் அந்த நெரிசலில்தான் நிற்கும். கப்பல் இறங்கும் கலேயிலிருந்து 750 கிலோமீட்டருக்கு மேல் என்பதையும் கணக்கில் வையுங்கள், மோசல் ஐந்நூறுக்குள் முடிந்துவிடும்.

வேப்பிரிட்ஜ்:

இடத்தை அப்புறம் முடிவு பண்ணலாம், முதலில் வேனை எடை போடுங்கள். ஐந்து பேர், இரண்டு இ-பைக் என்று படித்ததும் பகீரென்றது.

உங்கள் பிரிட்டன் லைசன்ஸ் 1997-க்கு அப்புறம் எடுத்ததாக இருந்தால் ஆள், சாமான் எல்லாம் சேர்த்து 3,500 கிலோ வரையுள்ள வண்டிதான் ஓட்டலாம், வாடகை வேன்களும் பெரும்பாலும் அந்த வரம்புக்குள்தான். ஆறு பேர் படுக்கிற வேன் காலியாகவே மூன்று டன்னைத் தாண்டிவிடும். உங்களுடையது 3,050 என்று வைத்துக்கொள்வோம், மிச்சம் 450. ஓட்டுநரை அதிலேயே 75 கிலோ என்று சேர்த்திருப்பார்கள். மற்ற நாலு பேர் 220, இ-பைக் இரண்டும் 50, பிள்ளைகள் சைக்கிள் 22, தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் 100. அரிசி மூட்டையும், அம்மாவின் பித்தளைப் பாத்திரமும், மடக்கு நாற்காலியும் இன்னும் ஏறவில்லை, அதற்குள் 392 ஆகிவிட்டது.

நான் பட்ட பாடு இது. வாடகைக்குக் கொடுத்த இடத்தில் "நாலு சைக்கிள் தாங்கும் சார்" என்று ஸ்டாண்டைக் காட்டினார்கள், நானும் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ராத்திரி டார்ச் அடித்து வேறு எதையோ தேடும்போதுதான் கம்பியின் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்தேன்: 60 கிலோ. நான் ஏற்றியிருந்தது 84. அந்தக் கம்பி பின் சக்கரத்தைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது இல்லையா, அதனால் ஏற்றம் இறைக்கிற மாதிரி வேலை செய்யும், பின் அச்சில் சைக்கிளின் எடையைவிட அதிகம் ஏறும், முன் சக்கரத்தில் பாரம் குறையும். மழையில் ஸ்டீயரிங் லேசாக இருப்பது சுகம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாட்டரியைக் கழற்றி உள்ளே வையுங்கள், ஒன்றுக்கு மூன்று கிலோ ஸ்டாண்டிலிருந்து இறங்கும். தண்ணீரைக் கொஞ்சமாக வைத்து ஓட்டி, போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்புங்கள். படுக்கை ஆறு என்பதால் சீட் பெல்ட்டும் ஆறு இருக்கும் என்று நம்பாதீர்கள், கேட்டு வாங்குங்கள். கப்பலுக்கு முன்பதிவு செய்யும்போது நீளத்தில் சைக்கிள் ஸ்டாண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

லெஸ்டர்வாசி:

வேப்பிரிட்ஜ் அண்ணா, இப்போதுதான் வாடகைக்காரருக்குப் போன் போட்டேன். படுக்கை ஆறு, பெல்ட் ஐந்து. தப்பித்தேன். ஸ்டாண்டின் வரம்பைக் கேட்டதற்கு "பார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள், நானே போய்ப் பார்க்கப் போகிறேன்.

மனைவி உப்புக்காற்று எழுதியதை இரண்டு தடவை படித்துவிட்டு "செப்டம்பரில் பள்ளிக்கூடம் இல்லாவிட்டால்" என்று பெருமூச்சு விட்டார். தீவு, பிள்ளைகள் வளர்ந்த பிறகு. மோசல் என்றே வைத்துக்கொள்கிறோம். கலேயிலிருந்து ஒரே மூச்சில் போகாமல் நடுவில் இரண்டு ராத்திரி எங்காவது தங்கலாமா?

ஆண்ட்வெர்ப்அக்கா:

பெல்ஜியத்தில் லிம்பர்க். நேர்வழியிலிருந்து கொஞ்சம் வடக்கே விலக வேண்டும், ஆனால் பிள்ளைகளுக்காக விலகலாம் தம்பி. பொக்ரைக் பக்கத்தில் ஒரு குளத்தை வெட்டி நடுவே பாதை போட்டிருக்கிறார்கள், 2016-இல் திறந்தது, சுமார் 200 மீட்டர்தான். சைக்கிளில் போகும்போது தண்ணீர் இரண்டு பக்கமும் கண் மட்டத்தில் நிற்கும், வாத்து உங்கள் முகத்துக்கு நேராக நீந்தி வரும். ஹெக்டல்-எக்ஸலில் இன்னொன்று, மரங்களுக்கு நடுவே சுற்றிச் சுற்றிப் பத்து மீட்டர் உயரம் வரை ஏறும் வட்டப் பாதை, ஏற்றம் மெதுவானதுதான்.

இங்கே வழி தேட மேப்பே வேண்டாம். சந்திப்புக்குச் சந்திப்பு எண் போட்டிருப்பார்கள், போக வேண்டிய எண்களை வரிசையாகக் குறித்துக்கொண்டு போனால் போதும். இந்த முறையே லிம்பர்க்கில் 1990களில் ஒரு சுரங்கப் பொறியாளர் யோசித்ததுதான், அப்புறம் நெதர்லாந்தும் எடுத்துக்கொண்டது. என் மகன் எண்களைப் பேனாவால் கையில் எழுதிக்கொண்டு முன்னால் போவான், நாங்கள் பின்னால். அவன் ஒரு தடவை வியர்வையில் 71-ஐ 11 ஆக்கி எங்களைப் பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றவிட்டது தனிக்கதை. ஸ்டிக்கர் ஒட்டி ஹாண்டில்பாரில் எழுதிக் கொடுங்கள்.

லெஸ்டர்வாசி:

நன்றி அக்கா, இரண்டு ராத்திரி லிம்பர்க், மிச்சம் மோசல். சித்தப்பா, கடைசியாக ஒன்று. அம்மா எலக்ட்ரிக் ரைஸ் குக்கரைக் கையோடு கொண்டுவருவேன் என்கிறார். ஓடுமா?

சைக்கிள்சித்தப்பா:

ஓடும், ஆனால் கேம்ப்சைட்டில் கரண்ட் எத்தனை ஆம்ப் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு ஆம்ப் என்றால் ஏறக்குறைய 1,380 வாட், குக்கரும் கெட்டிலும் சேர்த்துப் போட்டால் ஃபியூஸ் போய்விடும், அப்புறம் ஈரத் துண்டோடு ஆபீசுக்கு நடந்துபோய்ச் சொல்லி நிற்க வேண்டும். சோறு வெந்ததும் டீ போடச் சொல்லுங்கள். பிரஷர் குக்கரும் வேண்டுமென்றால் கொண்டுவாருங்கள், முதல் விசிலுக்கு மட்டும் பக்கத்து வேன்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஆற்றங்கரையில் வேன் நிறுத்த மட்டும் விடும் இடங்கள் சிலவற்றில் கரண்ட் மீட்டருக்குக் காசு போட வேண்டியிருக்கும், ஒரு யூரோ நாணயமாகக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கெல்லாம் முன்பதிவு பெரும்பாலும் கிடையாது, பதினொரு மணிக்குள் போய்ச் சேர்ந்தால் இடம் கிடைக்கும்.