விபத்துக்குப் பிறகு இரண்டு மனநலக் கவுன்சிலர்களைப் பார்த்தேன், சரிவரவில்லை. அடுத்தவரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முல்லைக்கொடி, விழுப்புரம்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 36 வயது, பள்ளியில் கணக்கு டீச்சர். 2023 தை மாதம் சென்னையிலிருந்து காரில் வரும்போது, விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் லாரி மோதியது. ஓட்டி வந்த அண்ணன் இறந்துவிட்டார். பக்கத்தில் இருந்த எனக்குத் தோள்பட்டை எலும்பு முறிவோடு போயிற்று. தோள் ஆறு மாதத்தில் சேர்ந்துவிட்டது. மற்றது சேரவில்லை. டீசல் வாடை வந்தால் வியர்த்துக் கொட்டுகிறது. வகுப்பில் யாராவது பெஞ்சை இழுத்தால், அந்தச் சத்தத்துக்குக் கையிலிருக்கும் சாக்பீஸ் விழுந்துவிடுகிறது. தினமும் இரவு இரண்டரைக்கு விழிப்பு வருகிறது.

முதலில் பார்த்த கவுன்சிலர் அன்றைக்கே, "ஒன்று விடாமல் சொல்லுங்க, சொன்னால்தான் பாரம் இறங்கும்" என்றார். நாற்பது நிமிடம் சொன்னேன். நேரமாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார். பஸ் ஸ்டாண்டில் எந்தப் பஸ்ஸில் ஏறுவது என்றே தெரியாமல் நின்றேன். மூன்று இரவு கண் மூடவில்லை. இரண்டாவது கவுன்சிலர், நான் சொன்னதை அம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். அன்று ராத்திரியே கிளம்பலாம் என்று அண்ணனை வற்புறுத்தியது நான்தான். அது அம்மாவுக்கு அதுவரை தெரியாது.

இன்னொருவரை நம்பிப் போக வேண்டும் என்று தோன்றுகிறது, பயமாகவும் இருக்கிறது. எதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போவது? பெண்ணாக இருந்தால் நல்லதா? முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறார்கள். அண்ணனைக் கொண்டுபோனது அங்கேதான். என்னால் அந்த வாசலை மிதிக்க முடியாது.

அக்கரைப்பேட்டை மகன்:

அக்கா, நான் நாகப்பட்டினம் பக்கம் அக்கரைப்பேட்டை. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த அன்று எனக்கு 12 வயது. தங்கச்சியின் கை என் கையில்தான் இருந்தது. அதற்கு மேல் இங்கே எழுதவில்லை. வேலைக்காகச் சென்னை வந்து, 27 வயதில்தான் சிகிச்சைக்கே போனேன். எனக்கும் முதல் இருவர் சரிவரவில்லை. மூன்றாமவரிடம் தங்கினேன். அவரிடம் என்ன வேறாக இருந்தது என்று சொல்கிறேன்.

முதல் மூன்று வாரம் அவர் கடலைப் பற்றிக் கேட்கவே இல்லை. எத்தனை மணிக்குத் தூங்குகிறேன், குடிப்பேனா, சாக வேண்டும் என்ற நினைப்பு வருமா, இங்கிருந்து வீட்டுக்கு எப்படிப் போவேன், வீட்டில் யார் இருப்பார்கள், இதெல்லாம்தான் கேள்வி. நானாகவே சொல்ல ஆரம்பித்தபோது, "தலைப்பு மட்டும் சொல்லுங்க, இப்போதைக்குப் போதும்" என்று நிறுத்தினார். அன்று எனக்குக் கோபம்கூட வந்தது. அந்த மூன்று வாரமும், மனம் பின்னால் இழுக்கும்போது இந்த நிமிடத்துக்குத் திரும்பி வரும் வழிகளைப் பழக்கினார். பாதத்தைத் தரையில் நன்றாக அழுத்துவது, கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருளை வாய்விட்டுச் சொல்வது, மனதுக்குள் ஓர் அமைதியான இடத்துக்குப் போய் உட்காருவது. நான் எடுத்துக்கொண்ட இடம் வேதாரண்யம் உப்பளத்து வரப்பு. அங்கே தண்ணீர் அசையாது.

அதற்கப்புறம்தான் ஈ.எம்.டி.ஆர். என்ற கண்ணசைவுச் சிகிச்சையைத் தொடங்கினோம். நினைவின் ஒரு துண்டை மனதில் பிடித்துக்கொண்டு, அவர் கை போகும் பக்கம் கண்ணை ஓட்ட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு, வேதனை பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்பார். அலைச் சத்தம் எனக்குப் பத்தில் இருந்தது. பல மாதம் கழித்து மூன்றுக்கு வந்தது. இப்போதும் மூன்றுதான், ஆனால் கடற்கரையில் நிற்க முடிகிறது. நடுவில் சில இரவுகள் கனவு அதிகமாகும் என்று அவரே முன்கூட்டிச் சொல்லியிருந்தார். அதனால் சிகிச்சைக்குப் போன சாயங்காலங்களில் வேலை வைத்துக்கொள்ள மாட்டேன்.

அதனால் அக்கா, போனிலேயே கேளுங்கள்: "விபத்து பற்றிப் பேசுவதற்கு முன்னால் என்ன செய்வோம்? பேசும்போது நான் தாங்க முடியாமல் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" இந்த வேலையைச் செய்து பழகியவர் நிதானமாகப் பதில் சொல்வார். "அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்" என்று மட்டும் வந்தால் வேறு இடம் பாருங்கள். எந்த முறையில் பயிற்சி எடுத்தார், யாருடைய மேற்பார்வையில் செய்தார் என்றும் கேளுங்கள். திருமணப் பிரச்சினை, படிப்பில் கவனம், சிகரெட் எல்லாவற்றுக்கும் ஒரே போர்டு வைத்திருப்பவரிடம் நான் போக மாட்டேன்.

மருதாணி, திருச்சி:

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். சகோதரி, உங்களுக்கு நடந்த இரண்டும் தவறு. பெரியவரான உங்கள் சம்மதமில்லாமல் அம்மாவிடம் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியக் காப்பை உங்கள் உரிமையாகவே வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து என்பது போன்ற சில விலக்குகள் உண்டு, அதையும் முதல் நாளே உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

கவுன்சிலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிவிடுகிறார்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மாத்திரை எழுதுவது மனநல மருத்துவர், நாங்கள் இல்லை. ஒரு வேண்டுகோள்: தூக்கத்துக்கு என்று அல்பிரசோலம் போன்றவற்றை மருந்துக் கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இப்படி அதிர்ச்சிக்குப் பின் வரும் மனப் பாதிப்புக்கு அவற்றை வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைப்பதில்லை, பழக்கமும் ஆகிவிடும்.

முண்டியம்பாக்கம் முடியாதென்றால் விட்டுவிடுங்கள், இப்போதே அங்கே போய் நிற்க வேண்டியதில்லை. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் இருக்கிறது, விபத்து நடந்த நெடுஞ்சாலையில் போகாமலே ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். இரவு இரண்டரைக்கு யாரிடமாவது பேச வேண்டும் போல் இருந்தால் 14416க்கு அழையுங்கள். டெலிமானஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

காவிரிக்கரை, கும்பகோணம்:

எனக்கு ஈ.எம்.டி.ஆர். ஒத்துவரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பிரசவத்தில் குழந்தையை இழந்தேன். என்னைத் தின்றுகொண்டிருந்தது காட்சிகளைவிட 'என்னால்தான்' என்ற எண்ணம். எனக்கு உதவியது சிந்தனையை மாற்றிப் பார்க்கும் சிகிச்சை, 12 அமர்வுகள். இது ஏன் நடந்தது என்று நான் நம்புகிறேனோ, அதை என் கைப்பட எழுதச் சொன்னார் சிகிச்சை தந்தவர். அப்புறம் ஒவ்வொரு வரியாக, அன்று எனக்கு என்ன தெரியும், என்ன தெரிந்திருக்க வழியே இல்லை என்று பிரித்துப் பார்த்தோம். கிளம்பச் சொன்னது நீங்கள்தான் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் இதுதான் நினைவுக்கு வந்தது. குற்ற உணர்ச்சியோடு வருகிறவர்களிடம் எப்படி வேலை செய்வீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

பெண்தான் வேண்டும் என்று நானும் தேடினேன். கடைசியில் கிடைத்தது ஓர் ஆண், அதுவும் வீடியோ காலில். கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை இருந்தால் அது போதும். நம் மொழியில் அழ முடிந்ததுதான் எனக்கு முக்கியமாக இருந்தது. இங்கிலீஷில் சொன்னபோது யாருக்கோ நடந்ததைச் சொல்வது போலவே இருந்தது.

முல்லைக்கொடி, விழுப்புரம்:

எல்லாருக்கும் நன்றி. தம்பி, நீங்கள் எழுதியதை நான்கு முறை படித்தேன்.

இந்த வாரம் மூன்று பேரிடம் போனில் பேசினேன். முதலாமவர் பத்து நாளில் குணமாக்கிவிடலாம் என்றார், வைத்துவிட்டேன். இரண்டாமவர் நல்லபடியாகப் பேசினார், ஆனால் விபத்து சம்பந்தமாக அதிகம் பார்த்ததில்லை என்று அவரே சொல்லி, இன்னொருவர் எண்ணைக் கொடுத்தார். அந்த மூன்றாமவர் புதுச்சேரியில் இருக்கும் ஒரு பெண். பதிவு எண் கேட்டதும் உடனே சொன்னார். தாங்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்றேன். "நிறுத்துவோம். நீங்கள் கையைத் தூக்கினால் போதும், காரணம் சொல்ல வேண்டாம். திரும்ப ரயில் ஏறும் நிலைக்கு வந்த பிறகுதான் அனுப்புவேன்" என்றார். முதல் சில வாரம் தூக்கத்தைத்தான் பார்க்கப் போகிறோமாம்.

வியாழன் மாலை நான்கு மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். அண்ணியிடம் மட்டும் சொன்னேன். ஸ்டேஷனுக்கு வந்து காத்திருக்கிறேன் என்றார்.