மல்லசந்திரம் கல்திட்டை, ராயக்கோட்டை கோட்டை ஒரே நாளில்: முட்டிவலி அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

மாந்தோப்பு:

வணக்கம். நாங்கள் காவேரிப்பட்டணம். அடுத்த மாதம் கோயம்புத்தூரிலிருந்து தங்கை குடும்பம் வருகிறது. வழிகாட்டியோடு ஒருநாள் சுற்றுலா என்று வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டீஸ் சுற்றிக்கொண்டிருக்கிறது. காலை ஏழு மணிக்கு கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஏற்றிக்கொள்வார்களாம். மல்லசந்திரம் கல்திட்டைகள் (பலகைக்கல் நிறுத்தி, மேலே மூடுகல் வைத்த பழங்காலச் சின்னங்கள்), மதியச் சாப்பாடு, ராயக்கோட்டை மலைக்கோட்டை, "நேரமிருந்தால்" கிருஷ்ணகிரி கோட்டை. தலைக்கு 850 ரூபாய்.

அப்பாவுக்கு 68 வயது, முட்டிவலி உண்டு. ஆனால் கோட்டை, கல்வெட்டு என்றால் அவருக்கு உயிர். தங்கை பிள்ளைகள் இரண்டும் போனை விட்டுத் தலை நிமிராத ரகம். என் வீட்டுக்காரரோ "அங்கே நாலு கல்லைத் தவிர என்ன இருக்கு" என்கிறார். போனவர்கள் யாராவது சொல்லுங்களேன், காசுக்குப் பிரயோஜனம் உண்டா?

வெயில்காரன்:

வீட்டுக்காரர் சொல்வது சரி. பேசாமல் ஒகேனக்கல் போய் எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீன் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

துர்க்கத்து வேன்:

அம்மா, எனக்கு ராயக்கோட்டைதான் சொந்த ஊர். வேன் ஓட்டுகிறேன். தொல்லியல் படிக்கிற பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய், அவர்கள் அளந்து வரைந்து முடிக்கும்வரை நிழல் தேடி உட்கார்ந்திருப்பதுதான் என் பிழைப்பு. அப்படிக் காதில் விழுந்ததுதான் எனக்குத் தெரிந்த சரித்திரம்.

முதலில் கிருஷ்ணகிரி கோட்டையைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஒரே நாளில் ரெண்டு மலை, அதுவும் பிள்ளைகுட்டியோடு, நடக்காது. "நேரமிருந்தால்" என்று போட்டாலே இருக்காது என்றுதான் அர்த்தம்.

மல்லசந்திரத்துக்கு அப்பாவைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். ஏற்றம் உண்டு, ஆனால் மெதுவாக நடந்தால் போதும். பிரச்சினை வெயில்தான். மொட்டைப் பாறை, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் கல் சுட ஆரம்பித்துவிடும். அதனால் ஏழு மணிக்கு வண்டி கிளம்பியே ஆகவேண்டும், டிபன் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று வழியில் இழுத்தடிக்க விடாதீர்கள்.

அங்கே போனதும் ஒரு திட்டையை எடுத்துக்கொண்டு அதன் மூலையில் குனிந்து பாருங்கள். நாலு பலகைக்கல்லை நிறுத்தியிருப்பார்கள். ஒவ்வொரு கல்லின் ஓரமும் அடுத்த கல்லைத் தாண்டிக் கொஞ்சம் நீண்டு, அதற்கு முட்டுக் கொடுக்கும். உள்பக்கம் சாயப் பார்த்தால் பக்கத்துக் கல் விடாது. மேலே மூடுகல்லின் பாரம் வேறு. சுண்ணாம்பு, காரை எதுவும் கிடையாது. கிழக்குப் பக்கத்துப் பலகையில் வட்டமாக ஒரு துளை, இடுதுளை என்பார்கள். திட்டையைச் சுற்றி இன்னும் பலகைக்கற்களை வட்டமாக நட்டு, சிலதின் தலையை அரைவட்டமாகச் செதுக்கியிருப்பார்கள். போனைக் கையில் பிடித்திருக்கும் பிள்ளைகள்கூட அந்தத் துளையில் எட்டிப் பார்க்காமல் வருவதில்லை. எட்டிப் பார்க்கட்டும், உள்ளே கை விட வேண்டாம், பூச்சி பொட்டு இருக்கும். மூடுகல் மேல் ஏறிப் போட்டோ எடுத்தால் நீங்களே அதட்டுங்கள், வழிகாட்டி அதட்ட மாட்டார்.

வழிகாட்டி சில பேர் "குள்ளர் வீடு", "வனவாசத்தில் பாண்டவர் தங்கியது" என்று ஆரம்பிப்பார்கள். நம்ம பாட்டியும் அதைத்தான் சொன்னாள், கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதோடு நிறுத்தினால் 850 ரூபாய் தண்டம். இரும்புக் காலத்து மக்கள் செத்தவர்களுக்காகக் கட்டியவை இவை. அதைச் சொல்கிறாரா என்று போனிலேயே கேட்டுப் பாருங்கள். புதையல் பேச்சு எடுக்கிற ஆள் என்றால் வேண்டவே வேண்டாம். அந்தப் பேச்சை நம்பித்தான் எத்தனையோ திட்டைகளின் அடியைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள்.

ராயக்கோட்டை மலை வேறு கதை. நல்ல கால் உள்ளவருக்கே உச்சிக்குப் போக முக்கால் மணி, ஒரு மணி ஆகும். ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முட்டி பேசும். அப்பா கீழேயே இருப்பது நல்லது. மேலே மதில், சுனை, இடிந்த செங்கல் கட்டடங்கள் இருக்கின்றன. முன்னே இந்தப் பக்கத்தை ஆண்ட ஜெகதேவராயர் தன் பன்னிரண்டு பிள்ளைகளுக்குக் கட்டிய பன்னிரண்டு கோட்டைகள் என்று பாராமகால் (நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்தின் பழைய பேர்) முழுக்க ஒரு கதை உண்டு. கதை கதையாக இருக்கட்டும், பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது 1791-ஐத்தான். திப்பு சுல்தானுக்கும் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் நடந்த மூன்றாம் மைசூர்ப் போரில், அந்த வருஷம் ஜூலையில் கம்பெனிப் படையின் மேஜர் கௌடி இந்தக் கோட்டையைப் பிடித்தார். நவம்பரில் கர்னல் மேக்ஸ்வெல் கிருஷ்ணகிரியில் அதேபோல முயன்றார். கீழ்க்கோட்டையோடு சரி, மேலே ஏற முடியவில்லை. திப்புவின் ஆட்கள் உச்சியிலிருந்து பாறைகளை உருட்டிவிட்டார்கள். அடுத்த வருஷம் ஸ்ரீரங்கப்பட்டணம் உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனிக்குப் போனதால்தான் அந்தக் கோட்டையும் கை மாறியது. ராயக்கோட்டை உச்சியில் நின்று "இங்கிருந்து கல்லை உருட்டினால் எங்கே போய் விழும்" என்று கேளுங்கள், பையன்கள் போனை மறந்துவிடுவார்கள். நிஜமாகவே உருட்டிவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

மழை பெய்திருந்தால் கோட்டையை விட்டுவிடுங்கள். ஈரப்பாறை வழுக்கும்.

தகடூர்வாசி:

வேன்காரர் சொன்னது எல்லாம் சரி. அப்பாவுக்காக இன்னொரு நாள் வைத்துக்கொள்ள முடிந்தால் தர்மபுரிப் பக்கம் வாருங்கள். அதியமான்கோட்டையில் சென்றாயப் பெருமாள் கோயில் மண்டபத்து விதானத்தில் ராமாயண, பாரத ஓவியங்கள் இருக்கின்றன. மலை ஏற வேண்டாம், கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தால் போதும். ஆனால் பெயரைப் பார்த்து ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் கோட்டை நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்புறம் தர்மபுரி அருங்காட்சியகத்து நடுகற்கள். விடுமுறை எந்த நாள் என்று முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள், அன்றைக்குப் போய்க் கதவைப் பார்த்துவிட்டு வராதீர்கள்.

பர்கூர் பாறை:

வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். நம்ம மாவட்டத்தில் தொகரப்பள்ளிப் பக்கம் மயிலாடும்பாறையில் எடுத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். அதுவும் பார்க்கப் போனால் நாலு கல்தான்.

மாந்தோப்பு:

எல்லோருக்கும் நன்றி. வேன் அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே போன் போட்டுக் கேட்டேன். "பாண்டவர் கதையும் சொல்வேன், ஈமச்சின்னம் என்றும் சொல்வேன்" என்றார், புதையல் பேச்சு வரவில்லை. கிருஷ்ணகிரி கோட்டையை எடுத்துவிட ஒத்துக்கொண்டார், காசைக் குறைக்கத்தான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது பிரச்சினை அப்பாதான். "ராயக்கோட்டை வரைக்கும் வந்துவிட்டு அடிவாரத்தில் குந்தியிருக்க நான் என்ன செருப்புக்குக் காவலா" என்கிறார்.

துர்க்கத்து வேன்:

ஒரு தடி கொடுத்து, மூச்சு வாங்கும் இடம் வரைக்கும் பையன் ஒருத்தனோடு ஏறிவிட்டு இறங்கச் சொல்லுங்கள். மானமும் காப்பாற்றியாச்சு, முட்டியும் காப்பாற்றியாச்சு. இறங்கினதும் எங்கள் ஊர் தக்காளி மண்டிப் பக்கம் ஒரு நடை போய் அன்றைக்கு ஒரு கூடை என்ன விலை என்று விசாரித்து வரச் சொல்லுங்கள். விலை கேட்கப் போனவர்கள் லேசில் திரும்புவதில்லை, நீங்கள் கோட்டையிலிருந்து நிதானமாகவே இறங்கலாம்.