குழந்தை உதவித்தொகை எல்லா வீட்டுக்குமா, இல்லாதவங்களுக்கு மட்டுமா?

கணக்குப்பிள்ளை:
ரெண்டு கார் வச்சிருக்கிறவர் பிள்ளைக்கும் அதே தொகை, கூலிக்குப் போறவங்க பிள்ளைக்கும் அதே தொகைன்னா அது சமத்துவம் இல்லங்க, சோம்பேறித்தனம். அரசாங்கத்துகிட்ட இருக்கிறதே கொஞ்சம், வருமானம் பார்த்து இல்லாத வீட்டுக்கு டபுளா கொடுத்துட்டுப் போங்களேன்.

ரெண்டு வாண்டு அம்மா:
"வருமானம் பார்த்து"ன்னு ஈசியா சொல்லிட்டீங்க, யார் பார்ப்பா, எப்படிப் பார்ப்பா? மாசச் சம்பளக்காரங்களுக்கு சர்டிஃபிகேட் வாங்குறது ஒரு நாள் வேலை, இன்னைக்கு வேலை உண்டு நாளைக்கு இல்லங்கிற வீட்டுல ஃபார்ம்ல என்னன்னு எழுதுவாங்க? பிரிட்டன்ல 2013ல வரம்பு வச்சாங்க. அப்போ பெத்தவங்கள்ல ஒருத்தர் வருஷ வருமானம் 50,000 பவுண்டைத் தாண்டினா உதவித்தொகையை வரியா திரும்பப் பிடிக்க ஆரம்பிப்பாங்க, 60,000 வந்துட்டா மொத்தமும் போச்சு. ஆனா புருஷன் பொண்டாட்டி ஆளுக்கு 49,000 சம்பாதிச்சா வீட்டுக்கு 98,000 வருது, ஒரு பைசா பிடிக்கல. தனியா பிள்ளை வளர்க்கிற அம்மா 60,000 வாங்கினா சைபர். நல்லா இருக்குங்க கணக்கு.

கணக்குப்பிள்ளை:
அது வரம்பு வச்ச விதம் கோளாறு. பிடிக்க ஆரம்பிக்கிற வரம்பை 2024ல 60,000க்கு ஏத்திட்டாங்களே. வீட்டோட மொத்த வருமானத்தைப் பார்த்தா முடிஞ்சது, அதுக்காக வரம்பே வேணாங்கிறது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துற கதை. செக்கிங்கே இல்லன்னா பொய்க் கணக்கு காட்டுறவனுக்குக் கொண்டாட்டம்தான்.

தூக்கம்கெட்ட அப்பா:
எல்லாருக்கும்னு ஆனா எதுக்கு சார் பொய்க் கணக்கு காட்டணும்? செக்கிங்னு சொன்னதும் நெதர்லாந்துதான் ஞாபகம் வருது, அங்க குழந்தைக் காப்பகச் செலவுக்கு உதவி வாங்கின பெத்தவங்க ஆயிரக்கணக்கான பேர் மேல மோசடின்னு முத்திரை குத்தி, ஒரு கையெழுத்து விட்டுப் போனதுக்கெல்லாம் பல வருஷத்துப் பணத்தை மொத்தமா திருப்பிக் கேட்டாங்க, கடன்ல மூழ்கி குடும்பமே சிதறிப் போனவங்க இருக்காங்க. கடைசியில 2021 ஜனவரியில அப்போ பிரதமரா இருந்த ருட்டேயோட அரசாங்கமே ராஜினாமா பண்ணுச்சு. சந்தேகப்படுறதையே வேலையா வச்சா இப்படித்தான் போய் முடியும்.

கணக்குப்பிள்ளை:
அதிகாரிங்க பண்ண அராஜகத்துக்கு நான் வக்காலத்து வாங்கல. ஆனா வசதியான வீட்டுக்கு ஏன் கொடுக்கணும்னு இன்னும் யாருமே பதில் சொல்லலையே?

ரெண்டு வாண்டு அம்மா:
கூச்சம் போகணும்ல, அதுக்குத்தான். ஃபின்லாந்துல பிறக்கப் போற குழந்தைக்குத் துணிமணி, போர்வைன்னு ஒரு பெட்டி கொடுக்கிற திட்டம் 1938ல வந்துச்சு, முதல்ல ஏழைத் தாய்மாருக்கு மட்டும்தான். 1949ல எல்லாருக்கும்னு ஆக்கினாங்க, கர்ப்பமாகி நாலாம் மாசம் முடியறதுக்குள்ள செக்கப்புக்கு வந்துடணும், அதுதான் கண்டிஷன். அந்தப் பெட்டி வீட்டுல இருந்தா அது ஏழை வீடுன்னு இப்ப யாரும் சொல்ல முடியாது. பெட்டியை வாங்க வர்ற சாக்குல செக்கப்பும் நடந்துடுது பாருங்க, எனக்கு இதுல பிடிச்சதே அதான். வசதியானவங்க பங்கை வரியை ஏத்தி எடுத்துக்கோங்க, யார் வேணாங்கிறா.

தூக்கம்கெட்ட அப்பா:
பணம் கொடுத்தாலும் பகல்ல பிள்ளையைப் பார்த்துக்க நல்ல காப்பகம் இல்லன்னா ரெண்டுல ஒருத்தர் வேலையை விடணும். எங்க வீட்டுல அதான் ஆச்சு. சரி அது வேற சண்டை.

கணக்குப்பிள்ளை:
இறங்கி வர்றேன். மூணு வயசு வரைக்கும் எல்லாப் பிள்ளைக்கும் கொடுங்க, அதுக்கு மேல வருமானம் பார்த்து. இதுக்காவது ஓகேவா?

ரெண்டு வாண்டு அம்மா:
மூணு வயசுக்கு மேல பிள்ளைங்க சாப்பிடுறதை நிறுத்திடுமா? என் வீட்டுக்கு வந்து பாருங்க.