புதுப்பிப்பு: எங்கள் கல்லூரிப் பட்டியலில் விட்டுப்போன இருவர்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் உள்ள எங்கள் கல்லூரி ஆசிரியர்கள் இந்த ஆண்டு சாதித்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். முனைவர் பட்டம், கட்டுரைகள் எல்லாம் வந்தன. "அலுவலகத்தில் இருப்பவர்கள் கணக்கில் இல்லையா?" என்று பழைய மாணவி ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, தவறு என்னுடையது.

முதலில் எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன். 46 வயதில் தமிழ்ப் பாடத்தில் நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, உதவிப் பேராசிரியர் தகுதி பெற்றிருக்கிறார். அதே தேர்வு வழியாகக் கிடைக்கும் ஆய்வு உதவித்தொகைக்குத்தான் வயது வரம்பு உண்டு, இந்தத் தகுதிக்குக் கிடையாது. இரண்டு தாள், 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். எம்.ஏ.வைத் தபால் வழியில் முடித்தவர். மாலையில் ஆய்வகத்தைப் பூட்டிவிட்டு, கோபாலபுரம் பஸ் வரும்வரை நிறுத்தத்திலேயே தொல்காப்பியம் படிப்பார். பஸ்ஸைத் தவறவிட்ட நாட்களும் உண்டு.

அப்புறம் அலுவலக அக்கா. சேர்க்கைப் படிவம் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருந்தது. வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்துத் தமிழ்ப் பெற்றோர் அதை எடுத்துக்கொண்டு ஆள் தேடி அலைவார்கள். அக்கா முழுவதையும் தமிழில் எழுதி, வில்லேஜ் ஆபீஸில் எந்தச் சான்றிதழுக்கு என்ன கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறார். என்னைக் கேட்டால் இந்த ஆண்டின் பெரிய சாதனை இதுதான்.

இருவர் பெயரையும் ஆண்டறிக்கையில் சேர்க்க முதல்வர் சம்மதித்துவிட்டார். கேட்ட தங்கைக்கு நன்றி.