மறு: மாடி ரேடியோக்களை மாற்றுவது பற்றி – பினாங்கிலிருந்து

சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

மாடிக்கு மாடி கம்பியில்லாமல் இணைப்புத் தரும் நம் பழைய ரேடியோக்களை மாற்ற வேண்டும் என்று செயலாளர் மாமா எழுதியதிலிருந்து ஆளுக்கொரு மாடலைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். துபாய்த் தம்பி 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை என்கிறார். லண்டன் அத்தான், விலை போனால் போகிறது, பெரிய நிறுவனத்துச் சரக்காக வாங்குங்கள் என்கிறார். சிங்கப்பூர்ச் சித்தப்பாவோ ரேடியோவே வேண்டாம், ஃபைபர் (ஒளியிழைக் கேபிள்) போதும் என்று முடித்துவிட்டார். மூவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஜார்ஜ் டவுனில் ஏணி பிடித்து ஏறப் போகிறவன் நான் என்பதால் என் கணக்கையும் கேளுங்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். நம்மிடம் இருப்பவை இரண்டு இணைப்புகள். அலுவலக மாடியிலிருந்து மண்டபத்துக்குப் போவது 400 மீட்டர். நடுவில் கடைவீடுகளின் ஓட்டுக்கூரைகள் மட்டுமே. மற்றொன்று கடலைத் தாண்டி பட்டர்வொர்த் விடுதிக்குப் போவது. ஏறக்குறைய மூன்றரைக் கிலோமீட்டர். இரண்டுக்கும் ஒரே மாடல் என்று பேச்சைத் தொடங்கினாலே கோணலாகிவிடும்.

தம்பி சொல்லும் 60 கிகாஹெர்ட்ஸை எடுத்துக்கொள்வோம். அந்த அலைவரிசையை ஆக்சிஜனே விழுங்கும்; கிலோமீட்டருக்குச் சுமார் 15 டெசிபெல் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் அலகு). அதற்கு மேல் மழை. மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும்போது கிலோமீட்டருக்கு இன்னும் 30 டெசிபெல் அளவுக்குப் போய்விடும். துபாயில் இது ஏட்டுக் கணக்கு. இங்கே பிற்பகல் மழை சாதாரணமாகவே அந்த வேகத்தைத் தொடும். 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கு மூழ்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஆகவே கடல் இணைப்புக்கு 60 என்ற பேச்சே வேண்டாம். அதே ரேடியோ மண்டபத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தும். 400 மீட்டருக்கு ஆக்சிஜன் 6, பெருமழை 12, ஆக 18 டெசிபெல். இதைத் தாங்கும் டிஷ் கிடைக்கிறது. ஜார்ஜ் டவுனில் 5 கிகாஹெர்ட்ஸ் முழுக்க விடுதிகளும் காப்பிக் கடைகளும் வைத்திருக்கும் வைஃபை இரைச்சல். 60இல் அந்தத் தொல்லை இல்லை. யூபிக்விட்டி, மைக்ரோடிக் ஆகிய ரேடியோ நிறுவனங்களில் 60உடன் 5 கிகாஹெர்ட்ஸையும் ஒரே பெட்டியில் வைத்த மாடல்கள் உண்டு. மழையில் 60 விழுந்தால் 5 தாங்கிப் பிடிக்கும். மண்டபத்துக்கு அதுதான் வேண்டும். தம்பிக்குப் பாதி வெற்றி.

கடல் இணைப்புக்கு 5 கிகாஹெர்ட்ஸ்தான். மழை அதை ஒன்றும் செய்யாது. மணிக்கு 100 மில்லிமீட்டர் கொட்டினாலும் கிலோமீட்டருக்கு ஒரு டெசிபெல் அளவுக்குத்தான் குறையும். அதற்குத் தொல்லை மேலிருந்து கொட்டும் தண்ணீர் இல்லை, கீழே கிடக்கும் தண்ணீர். டிஷ்ஷிலிருந்து புறப்படும் அலை நேராகவும் போகிறது, கடல் பரப்பில் பட்டுத் தெறித்தும் போகிறது. இரண்டும் அந்தப் பக்கம் ஒத்துச் சேர்ந்தால் சிக்னல் கூடும். முரண்பட்டுச் சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். 5.8 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 5 சென்டிமீட்டர்தான். நம் இரண்டு மாடிகளின் உயரத்துக்கு, கடல்மட்டம் 2 மீட்டர் ஏறி இறங்கினாலே இரு பாதைகளின் வேறுபாடு அரை அலைநீளத்துக்கு மேல் மாறிவிடும். விடுதிக் காப்பாளர், கேமரா ஒரு நாள் காலையில் போகிறது, மறுநாள் சற்றுத் தள்ளிப் போகிறது, யாரோ கை வைக்கிறார்கள் என்று புலம்புகிறாரே, அவர் சொல்லும் நேரங்களை மீன்பிடிப்பவர்கள் வைத்திருக்கும் ஓத (கடல் ஏறி இறங்கும் நேர) அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கை வைப்பது நிலா.

ரேடியோவின் பிராண்டை மாற்றினால் இது தீராது. ஒரு பக்க டிஷ்ஷை இரண்டரை மூன்று மீட்டர் ஏற்றினால் அல்லது இறக்கினால் அழிவு விழும் நேரம் மாறும், அவ்வளவுதான். முழுத் தீர்வு வேண்டுமென்றால் ஒரே கம்பத்தில் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு டிஷ் வேண்டும். ஜார்ஜ் டவுன் 2008இல் யுனெஸ்கோ பாரம்பரிய நகரமான பிறகு கூரைக்கு மேல் நினைத்தபடி கம்பம் நட முடியாது. போதாக்குறைக்கு, ஸ்வெட்டன்ஹாம் துறையில் உல்லாசக் கப்பல் வந்து நின்றால் நம் பார்வைக்கோட்டின் ஓரத்தைத் தொடுகிறது. நடுக்கடலில் இந்த அலைக்கு ஆறேழு மீட்டர் ஆரத்துக்குத் தடையில்லாத வெளி வேண்டும். கோடு கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது.

அதனால்தான் சித்தப்பா சொல்வதில் எனக்கு உடன்பாடு. விடுதியில் ஃபைபர் ஏற்கெனவே இருக்கிறது. அன்றாடப் போக்குவரத்தை அதன் வழியாக மறைகுறியிட்டு அனுப்பிவிட்டு, ரேடியோவைத் துணைக்கு வைத்துக்கொள்வோம். சாலை தோண்டுகிறவர்கள் ஃபைபரை அறுக்கும் நாள்களில் நான்கைந்து கேமராவும் உள்தொலைபேசியும் ஓடினால் போதும். அதற்கு 80 மெகாஹெர்ட்ஸ் அகலச் சானல் (ரேடியோ எடுத்துக்கொள்ளும் அலைவரிசைத் துண்டு) எதற்கு? 20க்குச் சுருக்கினால் இரைச்சல் 6 டெசிபெல் குறையும். மூன்றரைக் கிலோமீட்டரில் அலை விரிந்து பரவுவதிலேயே 119 டெசிபெல் போய்விடுகிறது, அந்த ஆறு பெரிய உதவி. யூபிக்விட்டியின் பவர்பீம் அல்லது கேம்பியம் நிறுவனத்தின் ஃபோர்ஸ் 300-25 போன்ற, 25 டெசிபெல் பெருக்கம் தரும் டிஷ் போதுமானது. அத்தான் சொல்லும் விலைக்குப் போக வேண்டியதில்லை.

பெரிய நிறுவனம் என்ற வார்த்தையில் எனக்கு அவ்வளவு மயக்கம் இல்லை. மோட்டோரோலாவிடமிருந்து 2011இல் பிரிந்ததுதான் கேம்பியம். மிமோசா என்ற இன்னொரு ரேடியோ நிறுவனத்தை 2018இல் ஏர்ஸ்பான் வாங்கியது. 2023இல் மிமோசா ஜியோவின் துணை நிறுவனமான ரேடிசிஸ் கைக்குப் போனது. பெயர்ப்பலகை மாறிக்கொண்டேதான் இருக்கும். நான் பார்ப்பது, அந்த மாடலுக்குக் கடைசியாக எப்போது ஃபர்ம்வேர் (ரேடியோவுக்குள் ஓடும் மென்பொருள்) வந்தது என்பதை. 2016 மே மாதம் யூபிக்விட்டி ரேடியோக்களில் ஒரு புழு (தானே பரவும் தீய நிரல்) பரவி உலகெங்கும் பல இணைப்புகளைப் படுக்கவைத்தது. அந்த ஓட்டையை அடைக்கும் ஃபர்ம்வேர் அதற்கு முந்தைய ஆண்டே வெளிவந்திருந்தது. 2018இல் மைக்ரோடிக்குக்கும் இதே கதைதான். புதிய ஃபர்ம்வேர் வருவது நின்றுபோன ரேடியோ மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். யாராவது ஊருக்குப் போகும் வழியில் பெட்டியில் போட்டுக் கொண்டுவருகிறேன் என்று சொன்னாலும் வேண்டாம். இங்கே சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை இருந்தால்தான் முறைப்படி பயன்படுத்தலாம்.

இன்னொன்று. போன ஞாயிறு மண்டபத்துக் கூரையில் பார்த்தேன். பொருத்திய அன்று ரேடியோவின் முதுகில் மார்க்கரில் சிக்னல் அளவு −58 என்று எழுதியிருக்கிறார்கள் (கழித்தல் எண் பெருகினால் சிக்னல் குறைவு); இப்போது −71. ரேடியோ கிழடாகிவிட்டது என்று எல்லோரும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ரேடியோ ஒரே நேரத்தில் அனுப்பும் நிமிர்ந்த அலையையும் படுத்த அலையையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்று −60, மற்றொன்று −71. கிழடு தட்டினால் பொதுவாக இரண்டும் சேர்ந்து இறங்கும். ஒன்று மட்டும் இறங்கினால் பெரும்பாலும் தண்ணீர்தான். ஆன்டெனா இணைப்பின் மேல் சுற்றிய ரப்பர் டேப் வெயிலில் வெடித்து, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. சுவரோரத்து மின்பெட்டிக்குள் பல்லி முட்டையும் எறும்புப் புற்றும். கேபிளும் வீட்டுக்குள் இழுக்கும் ரகம். அதன் தோல் விரலில் பொடியாக உதிர்கிறது. புது ரேடியோவை இந்தக் கேபிளில் மாட்டினால் அடுத்த ஆண்டு இதே மடலை நான் மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

ஆகவே பொருளாளர் அண்ணன் பட்டியலில் வெளிப்புறக் கேபிள், துருப்பிடிக்காத பிடிப்பு, இரு முனையிலும் இடிதாங்கி, முறையான எர்த் ஆகியவற்றையும் சேர்க்க வேண்டுகிறேன். உலகிலேயே மின்னல் மிகுந்த பகுதிகளில் நாமிருக்கும் தீபகற்பமும் ஒன்று. ஒவ்வொரு மாடலிலும் இரண்டல்ல, மூன்று வாங்குங்கள். மூன்றாவதை அமைப்புகளோடு தயார் செய்து அலுவலக அலமாரியில் வைத்துவிட்டால், மின்னல் தாக்கிய மறுநாளே மாட்டிவிடலாம். இந்தச் செலவைத்தான் கூட்டத்தில் முதலில் வெட்டுவீர்கள் என்று தெரியும். வெட்ட வேண்டுமானால் ரேடியோவின் ரகத்தில் வெட்டுங்கள்.

அக்டோபர் மழை முடிந்து டிசம்பர் கடைசியில் கூரை காயும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருகிறவர்களுக்கு மண்டபத்தைத் திறந்துவிடுவோம். அதற்கு முன் மண்டபத்து வேலை முடிய வேண்டும். பட்டர்வொர்த் பக்கம் ஏறுவதற்கு ஓர் ஆள் வேண்டும். விடுதிப் பிள்ளைகளை ஏற்றக் கூடாது. உள்ளூரில் கயிறு கட்டி ஏறும் வேலை தெரிந்தவர் யாரையாவது தெரிந்தால் எனக்குத் தனிமடல் போடுங்கள். மூன்று கடைகளில் விலை கேட்டிருக்கிறேன், வந்ததும் அனுப்பிவைக்கிறேன்.